சூப்பர்ஹீரோ கதையில் முடிச்சு போடுவதும் அவிழ்ப்பதும்: 12 நிமிடக் குறும்படம் எழுதுவோருக்கு

கடைசிக் காட்சியில் நாயகிக்குத் திடீரென்று ஒரு புது சக்தி வந்து வில்லன் சாம்பலானால், பார்ப்பவருக்கு ஏமாந்த உணர்வுதான் மிஞ்சும். அதே தீர்வை முன்பே வேறொரு காரணத்துக்காகக் காட்டியிருந்தால் கைதட்டுவார். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கில் 12 பக்கத் திரைக்கதையை எடுத்துக்கொள்வோம்.

படி 1: முடிவை முதலில் எழுதுங்கள்

வில்லன் எப்படி வீழ்கிறான்? ஒரே வரி போதும். நம் வில்லனின் உடல் கண்ணாடி. பலத்த ஒலி கேட்டால் விரிசல் விடும். சிங்கப்பூரில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நண்பகல் 12 மணிக்குக் குடிமைத் தற்காப்புப் படையின் சைரன்கள் ஒலிக்கும். அதுவே ஆயுதம்.

படி 2: விதையைப் புதையுங்கள்

இடம், 2ஆம் பக்கம். சைரன் கேட்டதும் நாயகியின் பாட்டி முக்காலியில் ஏறி, சுவர்க்கடிகார முள்ளை 12க்குத் தள்ளுகிறார். "ஒரு மாசத்துல மூணு நிமிஷம் முந்திடுது, சனியன்!" பார்ப்பவருக்கு இது பாட்டியின் குணம், அவ்வளவுதான். சிங்கப்பூரில் வளர்ந்தவருக்குச் சைரனை விளக்க வேண்டியதில்லை. சென்னையில் பார்ப்பவருக்கும் இந்த ஒரு காட்சியிலேயே விஷயம் புரிந்துவிடும்.

அதே நேரம் அவர்களின் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நிற்கும் புது ஆள் கையைச் சட்டென்று பைக்குள் விடுகிறான். மணிக்கட்டில் மயிரிழை போல ஒரு கீறல். இரண்டு விநாடிக்கு மேல் காட்டாதீர்கள், குட்டு உடைந்துவிடும்.

2008இல் வந்த 'அயர்ன் மேன்' படத்தைக் கவனியுங்கள். மிக உயரத்தில் கவசம் பனியில் உறைந்துபோவது முதலில் சோதனைத் தோல்வியாக வருகிறது. இறுதிச் சண்டையில் அதே பனி எதிரியின் கவசத்தை முடக்குகிறது. தோல்வியாகவோ சிரிப்பாகவோ வரும் விதையை யாரும் சந்தேகிப்பதில்லை.

படி 3: கதையின் ஓட்டையை அடைத்துவிடுங்கள்

"சைரனைப் போனில் பதிவுசெய்து போட்டால் ஆகாதா?" நிச்சயம் யாராவது கேட்பார்கள். 7ஆம் பக்கத்தில் நாயகியே போட்டுப் பார்க்கட்டும். போன் ஸ்பீக்கருக்கு அந்த வலு கிடையாது. வில்லன் போனை நொறுக்குகிறான், உஷாராகியும் விடுகிறான். இனி முதல் தேதியன்று எம்ஆர்டி ரயிலின் சுரங்க நிலையத்துக்குள் பதுங்குவான். அவனை மேலே இழுத்து வருவது நாயகியின் பாடு.

படி 4: தற்செயலைச் சரியான பக்கம் வையுங்கள்

புதிதாக எழுதுவோர் அதிகம் சறுக்குவது இங்கேதான். தற்செயல் நாயகியைச் சிக்கலில் மாட்டிவிடலாம், காப்பாற்றக் கூடாது. சண்டைக்கு நடுவே யதேச்சையாக மணி 12 ஆனால் கதை செத்தது. நேரத்தை அவள் குறிக்க வேண்டும். போன் உடைந்ததால் பாட்டியின் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புகிறாள். அதுவோ மூன்று நிமிடம் முந்தி ஓடுகிறது. வில்லனை வெளியே இழுத்துப் போட்டாயிற்று, சத்தமே இல்லை. அந்த மூன்று நிமிடமும் அவனை வெறுங்கையால் பிடித்து வைத்திருக்க வேண்டும். 9 முதல் 11ஆம் பக்கம் வரை இதற்கே கொடுங்கள். தீர்வைத் தந்த அதே கடிகாரம் ஆபத்தையும் தருவதால் புதுப் பொருள் எதுவும் தேவைப்படாது.

படி 5: படிக்கக் கொடுங்கள்

இரண்டு பேரிடம் 8ஆம் பக்கம் வரை மட்டும் கொடுத்து முடிவைக் கேளுங்கள். இருவரும் சரியாகச் சொன்னால் கீறலைக் குறையுங்கள். பிறகு முழுதும் படிக்கக் கொடுங்கள். "எந்தக் கடிகாரம்?" என்று கேட்டால், 5ஆம் பக்கத்தில் பாட்டியை இன்னொரு முறை அந்த முள்ளைத் திட்ட வையுங்கள்.