கைமாற்றுக் கடன், திரும்பிய செக்: பணம் வந்த வழி

என்னிடம் கைமாற்றாக வாங்கிய பணத்துக்கு நண்பர் செக் கொடுத்தார். வங்கியில் போட்டால் 'கணக்கில் போதிய பணம் இல்லை' என்று திரும்பியது. கேட்டால் "அடுத்த மாசம் போடுடா" என்பார். நடுவில் யூபிஐயில் கொஞ்சம் அனுப்புவார். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். பொது நண்பர்களின் பஞ்சாயத்தும் எடுபடவில்லை.

பணமில்லாமல் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881, பிரிவு 138-தான் வழி. ஆனால் அந்தச் சில்லறைத் தொகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. செக் கொடுத்தபின் ஒரு பகுதியைத் திருப்பியிருந்தால், அதைச் செக்கில் குறிக்காமல் முழுத்தொகைக்கே வங்கியில் போட்டால் 138 பொருந்தாது. உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது இது.

அதனால் பழைய செக்கை விட்டுவிட்டு, மீதித் தொகைக்கு மட்டும் புதுச் செக் வாங்கினேன். அதுவும் திரும்பியது. செக் திரும்பியதாக வங்கி தரும் சீட்டு (ரிட்டர்ன் மெமோ) வந்த 30 நாளுக்குள், பணத்தைக் கேட்டு அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். கேட்கும் தொகை செக்கில் உள்ளதோடு ஒரு ரூபாய்கூடப் பிசகக் கூடாது. வட்டி, வக்கீல் கட்டணம் கேட்டால் தனியாகப் பிரித்து எழுத வேண்டும். நோட்டீஸ் அவர் கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்கு முன்பே புகார் கொடுத்தால் நிற்காது. முடிந்தபின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கொடுத்தாக வேண்டும்.

அதுவரை போகவில்லை. 2 ஆண்டு வரை சிறை, செக் தொகையில் இரு மடங்கு வரை அபராதம் என்று நோட்டீஸில் படித்தவர் கெடுவுக்குள் அனுப்பிவிட்டார். அப்பாடா என்றிருந்தது. பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே செக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.