தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு: மூன்றுக்கும் மவுஸைத் தொடாமல் வேலை செய்ய

புதுச்சேரியில் டைப்பிங் கடை, ஆடிட்டர் ஆபீஸ், பள்ளி அலுவலகம் என்று எங்கே பார்த்தாலும் ஒரே கம்ப்யூட்டரில் காலையில் தமிழ் மனு, மதியம் ஆங்கில பில், நடுவே பிரெஞ்சுப் பெயரோடு ஒரு விண்ணப்பம் என்று வேலை கலந்துதான் வரும். நேரம் கரைவது எழுத்தடிப்பதில் அல்ல. மொழியை மாற்ற மவுஸை எடுத்துத் திரையின் வலது கீழ் மூலைக்குப் போவது, வரியை இழுத்து செலக்ட் செய்வது, ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்ப காப்பி எடுப்பது, இவற்றில்தான் போகிறது. அதனால் நூறு ஷார்ட்கட் உள்ள பட்டியலைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் கை எதற்காக அடிக்கடி கீபோர்டை விட்டு நகர்கிறது என்று ஒருநாள் கவனியுங்கள். அந்த வேலைக்கான விசைகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை பழகும்வரை அந்த வேலைக்கு மவுஸைத் தொடாதீர்கள்.

மொழி மாற்றம்

விண்டோஸ் + ஸ்பேஸ் அழுத்தினால் அடுத்த கீபோர்டுக்கு மாறும். இரண்டு மொழி என்றால் இதுவே போதும். மூன்று இருந்தால் எத்தனை முறை தட்டினோம் என்று திரையைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு மொழிக்கும் நேரடி விசை வைப்பது நல்லது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்ட் கீபோர்டு செட்டிங்ஸ், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ் என்று போங்கள். முதலில் மொழிகளுக்கிடையே மாறும் பொதுவான ஆல்ட் + ஷிப்ட் விசையை 'நாட் அசைன்ட்' ஆக்குங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மொழி தானாக மாறிவிட்டது என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த விசை தவறுதலாக அமுங்குவதுதான். பிறகு தமிழுக்கு இடது ஆல்ட் + ஷிப்ட் + 1, ஆங்கிலத்துக்கு 2 என்று கொடுத்துவிடுங்கள்.

அட்வான்ஸ்ட் கீபோர்டு செட்டிங்ஸ் பக்கத்திலேயே, ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி மொழி வைத்துக்கொள்ளும் டிக் பெட்டி ஒன்று உண்டு. அதை அவசியம் போடுங்கள். வேர்டு தமிழிலேயே நிற்கும், பிரவுசர் ஆங்கிலத்திலேயே நிற்கும்; ஆல்ட் + டேப் அழுத்தி இரண்டுக்கும் போய்வரும்போது மொழியைத் தொடவே தேவையில்லை.

தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது ஆல்ட்டோடு எண் விசைகளைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். கணக்கு எழுதும் டாலி பிரைம் மென்பொருளில் வவுச்சரை நகலெடுப்பது ஆல்ட் + 2. இரண்டும் ஓடினால் வவுச்சர் நகலாகாது, கீபோர்டுதான் மாறும். டாலியில் உட்காரும்போது ரைட்டரை மூடிவிடுங்கள்.

பிரெஞ்சு எழுத்துகள்

பெயரில் ஒரு கீற்று (எழுத்தின் மேலுள்ள சிறு கோடு) விடுபட்டாலும் ஆவணத்துக்கு ஆவணம் பெயர் ஒத்துப்போகாது. ஆகவே இதில் சோம்பல் கூடாது. வேர்டில் கன்ட்ரோலோடு ஒற்றை மேற்கோள் விசையை அழுத்தி, இரண்டையும் விட்டுவிட்டு, ஆங்கில 'ஈ' எழுத்தை அடித்தால் வலப்பக்கம் உயரும் கீற்றோடு வரும். கன்ட்ரோல் + காற்புள்ளி, பிறகு 'சி' அடித்தால் வாலுள்ள 'சி'. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்தினால் வராது. விட்டுவிட்டு அடிக்க வேண்டும்.

இது வேர்டுக்கு மட்டும்தான். ஆன்லைன் படிவத்தில் நம்லாக்கைப் போட்டு, ஆல்ட்டைப் பிடித்தபடி வலப்பக்க எண் பலகையில் 0233 அடித்தால் அந்த 'ஈ', 0231 அடித்தால் வாலுள்ள 'சி'. மேல்வரிசை எண்களில் இது வேலை செய்யாது. எண் பலகை இல்லாத லேப்டாப்பில் விண்டோஸ் + முற்றுப்புள்ளி அழுத்தி, வரும் பலகையில் குறியீடுகள் பகுதிக்குப் போய் எடுங்கள்.

பாமினியில் அடிப்பவர்களுக்கு

பாமினி எழுத்துருவில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. சிறிய 'எஃப்' என்றால் 'க', பெரிய 'எஃப்' என்றால் 'கு'. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட் வசதி வேர்டில் இருப்பதால், வரி 'கடலூர்' என்று தொடங்கினால் 'குடலூர்' ஆகிவிடும். உடனே கன்ட்ரோல் + இசட் அடித்தால் அந்தத் திருத்தம் மட்டும் போகும், நீங்கள் அடித்தது நிற்கும். நிரந்தரமாக நிறுத்த ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுங்கள். ஷிப்ட் + எஃப்3 ஆங்கிலத்தில் பெரிய, சிறிய எழுத்தை மாற்றும் அருமையான விசை. பாமினி வரியில் அதைத் தொட்டால் வரி முழுக்கச் சிதறும். கன்ட்ரோல் + எஃப் தேடலிலும் இதே சிக்கல்தான்: பாமினிக் கோப்பில் யூனிகோடு தமிழை (இணையத்திலும் போனிலும் வரும் தமிழ் எழுத்து) போட்டுத் தேடினால் எதுவும் கிடைக்காது.

ஒன்றுக்கு மேல் காப்பி

விண்டோஸ் + வி. முதல்முறை அழுத்தும்போது 'டர்ன் ஆன்' கேட்கும், கொடுங்கள். அதன்பின் காப்பி செய்த கடைசி 25 வரை வரிசையாக நிற்கும். மனுவின் முகவரி, அனுப்புநர் பகுதி, இறுதி வரி போன்றவற்றை ஊசிக் குறியைத் தட்டி 'பின்' (pin) செய்து வைத்தால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தாலும் அழியாது. பலர் வந்துபோகும் கடையில் வாடிக்கையாளரின் ஆதார் எண்ணும் அதே பட்டியலில் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் 'கிளியர் ஆல்' கொடுங்கள். 'பின்' செய்தவை மட்டும் தங்கும். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் + எல் அழுத்தித் திரையைப் பூட்டுங்கள்.

எக்செலில் காலிக் கட்டங்களை நிரப்ப

பிராந்தியம் என்ற பத்தியில் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று ஒவ்வொன்றும் முதல் வரியில் மட்டும் எழுதப்பட்டு, கீழே காலியாக விடப்பட்ட பட்டியல் வந்தால் ஒவ்வொன்றாக இழுத்து நிரப்ப வேண்டாம். தலைப்பை விட்டுவிட்டுப் பத்தியை செலக்ட் செய்து, எஃப்5, ஆல்ட் + எஸ், கே, என்டர். காலிக் கட்டங்கள் மட்டும் பிடிபடும். சமக்குறி அடித்து, மேல் அம்பு ஒருமுறை, பிறகு கன்ட்ரோல் + என்டர். வெறும் என்டர் அடித்தால் ஒரே கட்டம்தான் நிரம்பும்.

இத்தோடு நிறுத்தினால் ஆபத்து. ஒவ்வொரு கட்டமும் மேலுள்ளதைப் பார்க்கும் பார்முலாவாக இருப்பதால், பட்டியலை வரிசைப்படுத்தியதும் (sort) பிராந்தியங்கள் மாறிப்போகும். பத்தியை மறுபடி செலக்ட் செய்து கன்ட்ரோல் + சி, கன்ட்ரோல் + ஆல்ட் + வி, வி, என்டர் கொடுத்து மதிப்பாக மாற்றிவிடுங்கள். காலியாகத் தெரிந்தும் சில கட்டம் பிடிபடவில்லை என்றால் யாரோ அதில் ஸ்பேஸ் தட்டியிருப்பார்கள். பெயர் வராமல் பார்முலாவே எழுத்தாக நின்றால் பத்தி டெக்ஸ்ட் வடிவில் இருக்கிறது. கன்ட்ரோல் + 1 அழுத்தி ஜெனரல் ஆக்கி, மீண்டும் நிரப்புங்கள்.

விசை வேலை செய்யாதபோது

எஃப்2, எஃப்5 அழுத்தினால் வெளிச்சமோ சத்தமோ மாறுகிறது என்றால் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்துங்கள். பல லேப்டாப்பில் எஃப்என் + எஸ்கேப் அதைப் பூட்டித் திறக்கும். எக்செலில் அம்பு விசைக்கு கட்டம் நகராமல் பக்கமே நகர்ந்தால் ஸ்க்ரோல் லாக் விழுந்திருக்கிறது. ஷிப்ட்டை ஐந்துமுறை தட்டியதும் ஒரு கேள்விப்பெட்டி வந்தால் அது ஸ்டிக்கி கீஸ், 'நோ' கொடுங்கள். வலது ஷிப்ட்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் கேட்கும். தெரியாமல் அதற்கு 'யெஸ்' கொடுத்திருந்தால் வேகமாக அடிக்கும் எழுத்துகள் விழாது, கீபோர்டு கெட்டுவிட்டது போலவே தோன்றும். புதுசு வாங்கும்முன் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு பகுதியைத் திறந்து அதை அணைத்துப் பாருங்கள்.