டூல் ஸ்டீலில் கார்பைடு கோட்டிங்: குன்னூர்ப் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரிகளுக்கு வேலை செய்யும் பட்டறைகளில், கொழுந்து வரத்து கூடும் மாதங்களில் கொழுந்தை நசுக்கிக் கிழிக்கும் பல் உருளையான சிடிசி ரோலரைப் பற்றி ஒரு கேள்வி தவறாமல் வரும். "சிடிசி ரோலருக்கே, டூல்களுக்குப் போடும் அந்த வனேடியம் கோட்டிங்கைப் போட்டுவிட்டால் என்ன? பல் மழுங்காதே!" ஆசை நியாயம்தான், ஆனால் நடக்காது. கோட்டிங் என்பது வனேடியமும் கார்பனும் சேர்ந்த கார்பைடு; இந்த முறையில் வெளியிலிருந்து வருவது வனேடியம் மட்டும். கார்பனை அந்த எஃகுதான் தன் உடம்பிலிருந்து கொடுக்க வேண்டும். ரோலருக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகில் கொடுப்பதற்குக் கார்பன் ஏது? அப்படியே ஏதோ படிந்தாலும் கனம் சில மைக்ரான்தான். அடுத்த ஷார்ப்பனிங்கிலேயே போய்விடும்.

ஜப்பானில் டொயோட்டா ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த முறை இது. உருகிய போராக்ஸில் (வெண்காரம்) இரும்பும் வனேடியமும் கலந்த ஃபெர்ரோ வனேடியம் பொடியைக் கலந்து, 850 முதல் 1050 டிகிரி சூட்டில் டூலைச் சில மணி நேரம் முக்கி வைப்பார்கள். எஃகிலிருந்து வெளியேறும் கார்பனும் பாத்தில் (அந்த உருகிய போராக்ஸ் தொட்டியில்) கரைந்த வனேடியமும் மேற்பரப்பில் சேர்ந்து வனேடியம் கார்பைடு ஆகும். ராக்வெல், விக்கர்ஸ் இரண்டும் கடினத்தை அளக்கும் அளவுகள். டி2 என்ற டூல் ஸ்டீல் 60 ராக்வெல் இருந்தால், விக்கர்ஸ் அளவில் ஏறத்தாழ 700. இந்தப் படலம் 3000-ஐத் தாண்டும்.

முதல் தவறு ஸ்டீல் தேர்விலேயே நடக்கிறது. சாதா மைல்டு ஸ்டீலில் பஞ்ச் (துளையிடும் டூல்) செய்து கோட்டிங்குக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 0.3 சதவீதத்துக்குக் கீழே கார்பன் இருந்தால் உருப்படியான படலம் கிடைக்காது. டி2-வில் சுமார் 1.5 சதவீதம் இருக்கிறது, கவலை இல்லை. ஆனால் நல்ல ஸ்டீலிலும் தோல் கெட்டிருக்கலாம். முந்தைய ஹீட் ட்ரீட்மென்டில் மேல்தோல் கார்பன் இழந்திருந்தால் அந்த இடம் சரியாகப் பிடிக்காது. உடைந்த ஓரத்தைக் கார்பன் குறைந்த ராடால் வெல்டு செய்து நிரப்பியிருந்தால் அங்கேயும் அதே கதைதான். ஒயர்கட் (மின்பொறியால் வெட்டும் மெஷின்) விட்டுச்செல்லும் வெள்ளைத் தோலையும் தேய்த்து எடுத்துவிட வேண்டும்; அதிலுள்ள நுண்விரிசல்கள் கோட்டிங்குக்கு அடியில் அப்படியே தங்கிவிடும். பித்தளை பிரேசிங் செய்த (பித்தளையை உருக்கி ஒட்டிய) டூலை அனுப்பவே வேண்டாம், பாத்திலேயே கழன்று விழும்.

அதைவிடப் பெரிய தவறு, இதைப் பெயின்ட் மாதிரி நினைப்பது. 1000 டிகிரி என்பது டி2-வை ஹார்டன் செய்யும், அதாவது கடினமாக்கும் சூடு. கோட்டிங் முடிந்து வெளியே வரும் டூல் அப்படியே குவென்ச் ஆகிறது (வேகமாகக் குளிர்ந்து கடினமாகிறது), பிறகு டெம்பரிங் (மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைப்பது). ஆகவே அளவு மாறும், கொஞ்சம் வளையவும் செய்யும். மெஷினிங் முடிந்த, இன்னும் ஹார்டன் செய்யாத பச்சை டூலை நேரே அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் கிளியரன்ஸ் (இடைவெளி) போய்விட்டது என்று சண்டை போடுவதில் பயனில்லை. அதே சூட்டில் முதலில் ஹார்டன், டெம்பர் செய்து, அதன்பின் கடைசி அளவுக்கு கிரைண்டிங் முடித்து அனுப்பினால், திரும்பும்போது ஏறக்குறைய அதே அளவுக்கு வந்து நிற்கும். ஹைஸ்பீடு ஸ்டீலுக்கு இது போதாது. அந்த வகையைச் சேர்ந்த எம்2-வின் ஹார்டனிங் சூடு 1200 டிகிரியை ஒட்டியது; கோட்டிங்குக்குப் பிறகு வேக்குவம் (வெற்றிட) ஃபர்னஸில் மறுபடி ஹார்டன் செய்யாவிட்டால் அடி மெத்தென்றே இருக்கும், படலம் நொறுங்கும்.

"வந்த பிறகு ஒரு கை கிரைண்டிங் போட்டுக்கொள்ளலாம்" என்பதும் வேண்டாம். வெள்ளை கிரைண்டிங் வீலின் அலுமினியம் ஆக்சைடே இந்தப் படலத்தைவிட மெத்து. வைர பேஸ்ட்டால் மெருகேற்றலாம், அவ்வளவுதான். கீறல் இருந்தால் கோட்டிங் அதை மூடாது, அப்படியே காட்டும். பாலிஷ் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். கனமும் கேட்ட மாதிரி ஏறாது. இருமடங்கு கனத்துக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகும், அதற்குள் எஃகின் கிரெய்ன் (உள்ளே இருக்கும் நுண்மணிகள்) பருத்துவிடும்.

தாங்களே சின்ன பாத் போட்டுப் பார்க்க நினைப்பவர்களுக்கு: கடையில் கிடைக்கும் சாதா போராக்ஸின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். சூடேறும்போது பொங்கி வழியும். நீரற்ற போராக்ஸையே வாங்கி, டப்பாவை இறுக மூடி வையுங்கள். நவம்பர் மழையில் இங்கே எதுதான் ஈரமாகாது! ஒரு சொட்டு ஈரத்தோடு டூலை உருகிய பாத்தில் இறக்கினால் முகத்தில் தெறிக்கும், முன்சூடு கட்டாயம். வனேடியம் பொடி அடியில் தங்கும், கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அது ஆக்சைடாகிவிட்டால் மீட்கச் சேர்க்கும் போரான் கார்பைடை அள்ளிப் போட்டால், கார்பைடுக்குப் பதில் போரைடு படலம் வந்து நிற்கும்.

கோட்டிங்குக்குப் பிறகு துளைகளில் கண்ணாடி மாதிரி உறைந்த போராக்ஸைச் சுத்தியலால் தட்டி எடுக்கிறார்கள், ஓரம் பெயரும். கொதிநீரில் ஊறப்போட்டால் கரையும். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், கூடுதல் நேரம் கொடுங்கள்.

அப்புறம் சோதனை. ராக்வெல் மெஷினில் வைத்து 60 காட்டுகிறது, கோட்டிங்கே இல்லை என்று பில்லை நிறுத்தி வைக்கிறார்கள். 150 கிலோ சுமையில் ஊசி படலத்தைத் துளைத்து அடி ஸ்டீலைத்தான் அளக்கிறது. அரம் வழுக்குவதும் சாட்சி ஆகாது; ஹார்டன் ஆன வெறும் ஸ்டீலிலும் அரம் வழுக்கும். அதே ஸ்டீலில் ஒரு சிறு துண்டையும் கூடவே பாத்தில் போடச் சொல்லுங்கள். அதைக் குறுக்கே வெட்டி பாலிஷ் செய்து, கனத்தை மைக்ராஸ்கோப்பிலும் கடினத்தைக் குறைந்த சுமை விக்கர்ஸிலும் பார்த்துவிட்டு பில்லைக் கொடுக்கலாம்.