குறிப்பேடும் பேரேடும்: லெ கிளேசியோவை ஜோடி ஜோடியாகப் படிக்கும் முறை

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, வியட்நாமின் சைகோனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்கள். அவர்கள் விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்தவை இரண்டு கணக்கு ஏடுகள். ஒன்று குறிப்பேடு. அன்றன்று நடந்தது, தேதி போட்டு, வந்த வரிசையில் இருக்கும். இன்னொன்று பேரேடு. அதே விவரங்களை ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றியது. அப்பச்சி (என் அப்பா) சொல்வார்கள்: "யார் எவ்வளவு தரணும்னு பேரேடு சொல்லும். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியணும்னா குறிப்பேட்டைப் புரட்டு."

பிரெஞ்சு எழுத்தாளர் லெ கிளேசியோவை நான் படிக்கும் முறை இதிலிருந்துதான் வந்தது. 1940-ல் நீஸ் நகரில் பிறந்தவர், 2008-ல் நோபல் பரிசு பெற்றவர். இவருடைய முக்கியமான நாவல்கள் சிலவற்றுக்கு ஒரு பயண நூலோ நினைவு நூலோ துணை இருக்கிறது. நாவல் பேரேடு, மற்றது குறிப்பேடு. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் கிடைக்கும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. 1963-ல், தன் 23-வது வயதில் அவர் எழுதி ரெனோதோ பரிசு பெற்ற முதல் நாவலில் தொடங்காதீர்கள். மலைமேல் ஆளில்லாத வீட்டில் ஒருவன் தனியே இருக்கிறான். பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவனா, மனநல விடுதியிலிருந்து வந்தவனா என்று அவனுக்கே தெளிவில்லை. நல்ல நாவல்தான். ஆனால் நான் அதில் தொடங்கி, பாதியில் மூடிவைத்து, பல வருஷம் இவர் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன்.

'ஆப்பிரிக்கர்' (2004) என்ற சின்ன நூலில் தொடங்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். லெ கிளேசியோவின் அப்பா ஆங்கிலேய அரசின் மருத்துவராக நைஜீரியாவில் இருந்தார். போர் குடும்பத்தைப் பிரித்துவிட்டது. 1948-ல் அம்மாவோடும் அண்ணனோடும் ஒரு மாதம் கப்பலில் போய்த்தான் அந்தப் பையன் தன் அப்பாவை அறிகிறான். அப்பா எடுத்த புகைப்படங்களும் நூலில் உண்டு, அவற்றை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. ஐயா மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்பிய அன்று, அப்பச்சி யாரோ விருந்தாளி என்று நினைத்து வளவுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்களாம். செட்டிநாட்டில் இப்படி ஒளிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அதை முடித்த கையோடு 'ஒனிட்சா' (1991) நாவலை எடுங்கள். இங்கே பையனின் பெயர் ஃபின்டான். கப்பலிலேயே 'ஒரு நெடும்பயணம்' என்று கதை எழுதத் தொடங்குகிறான். எட்டு வயது லெ கிளேசியோ கப்பலில் எழுதிய கதைக்கும் அதே பெயர்தான். நினைவு நூலில் அப்பாதான் நடு ஆள். நாவலில் 'மாவு' என்ற பெயருள்ள அம்மா பெரிதாக எழுந்து நிற்கிறாள். இந்த மாற்றத்தைக் கவனியுங்கள்.

இதற்கு ஒரு நோட்டு வைத்துக்கொண்டால் நல்லது. பற்று, வரவு மாதிரி இடப்பக்கம் நாவல், வலப்பக்கம் பயண நூல். ஊர்ப்பெயர், வீடு, மரம், ஆள் என்று வருவதை எதிரெதிரே எழுதுங்கள். எதிர்ப்பக்கம் காலியாக நிற்கும் இடங்கள்தான் அவர் கற்பனை செய்தவை, அல்லது சொல்லாமல் மறைத்தவை.

அடுத்த ஜோடிக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 'பொன் தேடி' (1985) என்று தமிழில் சொல்லலாம். மொரீஷியஸில் புக்கான் என்ற இடத்துப் பிள்ளை அலெக்ஸி. புயலும் கடனும் சேர்ந்து வீட்டைப் பறித்துவிட, அப்பா வைத்திருந்த வரைபடத்தை நம்பி, கடற்கொள்ளையன் புதைத்த தங்கத்தைத் தேடி ரோட்ரிக் தீவுக்குப் போகிறான். மொரீஷியஸிலிருந்து கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தீவு. பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கட்டும். ஓரளவு பிரெஞ்சு கற்றவர்கள் மூலத்திலேயே முயன்று பார்க்கலாம். வாக்கியங்கள் எளிமையானவை, வாய்விட்டுப் படித்தால் அலை வந்துபோகும் கதி கேட்கும்.

அதன் குறிப்பேடு 'ரோட்ரிக் பயணம்' (1986). உண்மையில் தங்கம் தேடியவர் லெ கிளேசியோவின் தாத்தா. நீதிபதி வேலை பார்த்தவர், முப்பது வருஷம் அந்த ஒரே பள்ளத்தாக்கைத் தோண்டினார். பேரன் அங்கே போய், தாத்தா கல்லில் விட்ட அடையாளங்களைத் தேடி நடக்கிறார். இதை நாவலுக்கு முன்னால் படித்துவிடாதீர்கள், அலெக்ஸியோடு சேர்ந்து ஏங்குகிற அனுபவம் போய்விடும். கடைசிப் பக்கங்களுக்கு வரும்போது நிதானமாகப் படியுங்கள். குடும்பம் பறிகொடுத்த 'யுரேகா' வீட்டைப் பற்றி அங்கே எழுதுகிறார். தாத்தாவைத் துரத்தியது தங்க ஆசை இல்லை, வீடு போன துக்கம் என்று அப்போது விளங்கும்.

எங்கள் வீடும் போய்விட்டது. பங்காளிகள் ஒத்துவராமல் பிரித்து விற்றார்கள். பர்மா தேக்குத் தூண்கள் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் படுக்கப்போட்டிருந்ததை நானே பார்த்தேன். ஆத்தா உரசி உரசி மினுங்கிய தூண் எது என்று தொட்டே கண்டுபிடித்தேன். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கடைசிப் பக்கங்களைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது ஜோடி 'பாலைவனம்' (1980), 'மேகத்து மக்கள்' (1997). நாவலில் 'நீல மனிதர்கள்' எனப்படும் சகாரா நாடோடிகளோடு நடக்கும் நூரின் கதையும், பிற்காலத்தில் மார்செய் நகருக்குப் போகும் லல்லாவின் கதையும் மாறிமாறி வரும். பிரெஞ்சுப் பதிப்பில் நூரின் பகுதி ஓரத்தில் அதிகம் இடம் விட்டு அச்சாகியிருக்கும், அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். பயண நூல் 17 வருஷம் கழித்து, மனைவி ஜெமியாவோடு அவருடைய முன்னோரின் மண்ணுக்குப் போய்வந்து இருவரும் சேர்ந்து எழுதியது. இங்கே பேரேடு முந்தி, குறிப்பேடு பிந்தி. அந்த வரிசையிலேயே படியுங்கள்.

அப்புறம் 'குவாரன்டீன்' (1995). இதற்குத் தனி ஜோடி தேட வேண்டாம், குறிப்பேடு நாவலுக்குள்ளேயே இருக்கிறது. 1891-ல் அம்மை நோய் கண்ட கப்பலை மொரீஷியஸில் சேர்க்காமல், பயணிகளை அருகிலுள்ள சிறு தீவில் இறக்கிவிடுகிறார்கள். ஐரோப்பியர் ஒரு பக்கம், இந்தியக் கூலிகள் மறுபக்கம். லியோன் என்ற இளைஞன் சூர்யவதியைத் தேடி அந்தப் பக்கம் போகிறான். இடையிடையே மெட்காஃப் என்ற தாவரவியல்காரரின் நாட்குறிப்பு வரும். தீவின் செடிகொடிகள் ஒவ்வொன்றாக அதில் பதிவாகும். செடிப் பெயர் என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

நம்மவர்கள் இந்த நாவலை இரண்டு முறை படிக்க வேண்டும் என்பேன். ஐயா போன கப்பலில் பெட்டியும் கணக்கும் இருந்தன. போன இடத்தில் வட்டிக்குக் கொடுத்தார்கள். கூலிகள் போன கப்பலில் அப்படி ஒன்றுமில்லை. முதல் முறை லியோனோடு போங்கள். இரண்டாம் முறை சூர்யவதியும் அவள் தாய் அனந்தாவும் வரும் பகுதிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டு, அவற்றையே தொடர்ச்சியாகப் படியுங்கள். நோட்டில் அவர்களுக்கு ஆளுக்கொரு பக்கம், தலைப்பில் பெயர் எழுதித் திறந்துவிடுங்கள்.