கர்லை எழுதியது யார்? கமிட்டை மட்டும் எண்ணாமல் கண்டுபிடிக்கும் வழி

ஒரு ஓப்பன் சோர்ஸ் கருவி எப்படி வளர்ந்தது, யார் யார் கை வைத்தார்கள் என்று எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கிட்ஹப்பில் (நிரல்களின் கோடை வைத்துப் பகிரும் தளம்) கான்ட்ரிபியூட்டர்ஸ், அதாவது பங்களித்தவர்கள், பக்கத்தைத் திறந்து, மேலே நிற்கும் பத்துப் பெயரை எடுத்துப் போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். அந்தப் பத்துப் பெயரும் பொய்யில்லைதான், ஆனால் பாதிக் கதை அதற்கு வெளியே கிடக்கிறது. கர்லை வைத்துக் காட்டுகிறேன். டெர்மினலில் ஒரு முகவரியைக் கொடுத்தால் அங்கே இருப்பதை இழுத்துக்கொண்டு வருமே, அதேதான். கமிட்டை (கோடில் செய்த ஒரு மாற்றத்தின் பதிவு) மட்டும் நம்பினால் எங்கெல்லாம் ஏமாறுவோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் கர்லின் ரெப்போவை, அதாவது கோடும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியத்தை, முழுசாக க்ளோன் செய்யுங்கள் (உங்கள் கணினிக்கு நகலெடுங்கள்). நெட் மெதுவாக இருக்கிறதே என்று டெப்த் ஒன்று போட்டு இறக்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி இறக்கிவிட்டு, கிட்டில் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ஷார்ட்லாக், அதாவது ஆள்வாரியாக கமிட்டைப் பட்டியலிடும் கட்டளை, ஓட்டினால் ஒரே ஒரு பெயர் வருகிறதே, இத்தனை பெரிய கருவியை ஒரே ஆளா எழுதினார் என்று அரைமணி நேரம் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். டெப்த் ஒன்று என்றால் வருவது கடைசி கமிட் மட்டும்தான்.

சரி, இறக்கியாயிற்றா? கிட் லாக்கை (கமிட் வரலாற்றைக் காட்டும் கட்டளை) ரிவர்ஸ் ஆப்ஷனோடு ஓட்டுங்கள், பழையது மேலே வரும். 1999 டிசம்பர் 29, பெயர் டேனியல் ஸ்டென்பெர்க், செய்தி இரண்டே சொல்: இனிஷியல் ரிவிஷன். இங்கேதான் முதல் பள்ளம். இதைப் பார்த்து ‘கர்ல் 1999-இல் பிறந்தது’ என்று எழுதியவர்கள் உண்டு. அந்த கமிட்டுக்குள்ளேயே போய் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள், ஆறில் தொடங்கும். ஆறாம் வெர்ஷனில் பிறக்கிற குழந்தை ஏது? சிவிஎஸ்ஸில் (கிட்டுக்கு முன் இருந்த அதே மாதிரிக் கருவி) ஏற்றிய நாள்தான் அது, பிறந்த நாள் அல்ல.

அதற்கு முந்தையது கமிட்டில் கிடைக்காது. டாக்ஸ் ஃபோல்டருக்குள் ஹிஸ்டரி என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதைப் பொறுமையாகப் படியுங்கள். 1996-இல் ரஃபேல் சகுலா என்ற பிரேசில்காரர் எச்டிடிபிகெட் என்று ஒரு சின்ன நிரல் எழுதுகிறார், சில நூறு வரிதான். ஸ்வீடனில் இருந்த ஸ்டென்பெர்க் அப்போது ஐஆர்சி பாட் (இணைய அரட்டை அறையில் தானாகப் பதில் சொல்லும் நிரல்) ஒன்றை வைத்திருந்தார், அரட்டையில் இருப்பவர்களுக்கு அது நாணய மாற்று விலை சொல்ல வேண்டும், அந்த விலையை வெப்பிலிருந்து எடுக்க ஒரு கருவி வேண்டும். தேடினார், இது கிடைத்தது, திருத்தினார், கொஞ்ச நாளில் பொறுப்பே அவர் கைக்கு வந்துவிட்டது. 1997-இல் பெயர் யூஆர்எல்கெட் ஆகிறது. 1998 மார்ச் 20-இல் கர்ல் என்ற பெயரோடு வெளிவருகிறது, வெர்ஷன் எண் நான்கு, ஏனென்றால் பெயரை மாற்றினார்களே தவிர எண்ணை அப்படியே தொடர்ந்தார்கள். கர்ல் 1.0 எங்கே என்று தேடி அலைய வேண்டாம், அப்படி ஒன்று கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது: பிள்ளையார் சுழி போட்ட சகுலாவுக்கு கமிட் கணக்கில் பூஜ்யம்.

அடுத்த பள்ளம் சிவிஎஸ் காலம். 2010 மார்ச்சில்தான் கர்ல் கிட்டுக்கு மாறியது. கிட்டில் எழுதியவர் பெயர் வேறு, உள்ளே ஏற்றியவர் பெயர் வேறு என்று இரண்டு இடம் உண்டு. சிவிஎஸ்ஸில் ஒன்றுதான், ஏற்றியவர் பெயர். யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து பேட்ச் (திருத்தக் கோடு) எழுதி மெயிலில் அனுப்பியிருப்பார், ஏற்றும் அனுமதி ஸ்டென்பெர்க்கிடமோ இன்னும் சிலரிடமோ மட்டும் இருந்ததால் அந்தக் கமிட் அவர்கள் கணக்கில் போயிருக்கும். எழுதியவர் பெயர் செய்திக்குள்ளே ஒரு வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதனால் 2010 வரைக்குமான லாக்கை கிரெப் (சொல் தேடும்) ஆப்ஷனோடு ஓட்டி, பேட்ச், ரிப்போர்ட்டட் மாதிரிச் சொற்களைத் தேடி, வருகிற செய்திகளைக் கண்ணால் படியுங்கள். கடினமான வேலைதான், குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

2010-க்குப் பிறகு வாழ்க்கை கொஞ்சம் சுலபம். ஷார்ட்லாக்கில் எஸ், என் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெயரும் எண்ணிக்கையும் வரிசையாக வரும். ஸ்கிரிப்டுக்குள் ஓட்டினால் கடைசியில் ஹெட் என்று சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் அது உள்ளீட்டுக்காகக் காத்துக்கொண்டு சும்மா நிற்கும். அப்புறம், பெயர்க் குழப்பம். ரேஷன் கார்டில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், இனிஷியல் ஒன்றில் முன்னால் இன்னொன்றில் பின்னால் என்று நமக்குப் பழகிய தலைவலிதான். ஒரே ஆள் வீட்டு மெயிலிலிருந்து நாற்பது கமிட், ஆபீஸ் மெயிலிலிருந்து முப்பது கமிட் போட்டு இரண்டு பேராகத் தெரிவார். மெயில்மேப் என்ற கோப்பு அவர்களை ஒன்றாக்கும். ரெப்போவில் அது இருக்கிறதா என்று பாருங்கள், விடுபட்டவர்களை உங்கள் பிரதியில் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, கோடே எழுதாதவர்கள். கர்லில் ஒரு பக்கைச் (பிழையைச்) சரிசெய்யும் கமிட்டின் அடியில் ‘ரிப்போர்ட்டட்-பை’ என்று ஒரு வரி பார்ப்பீர்கள், பக்கைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பெயர் அதில் இருக்கும். ‘ஹெல்ப்டு-பை’யும் உண்டு. இவற்றுக்கு ட்ரெய்லர் என்று பெயர். புது கிட்டில் ஷார்ட்லாக்கின் க்ரூப் ஆப்ஷனுக்கு ட்ரெய்லர் என்றும் அந்த வரியின் பெயரையும் கொடுத்தால் அதை வைத்தே எண்ணித் தரும். ஓட்டிப் பாருங்கள், முதல் பட்டியலில் இல்லாத பெயர்கள் கொட்டும். கர்ல்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்ப நேர்மை. டாக்ஸ் ஃபோல்டரில் தேங்க்ஸ் என்ற கோப்பில் 3000-க்கும் மேற்பட்ட பெயர்கள், அகரவரிசையில், பெரியவர் சின்னவர் பேதமில்லாமல். அதைப் புதுப்பிக்க ஸ்கிரிப்டே வைத்திருக்கிறார்கள். பல ப்ராஜெக்டுகளில் இந்தக் கோப்பு 2008-லேயே செத்துப்போயிருக்கும்.

ஒரு குறிப்பிட்ட திருப்பம் எப்போது நடந்தது என்று பிடிக்க லாக்கில் பெரிய எழுத்து எஸ் ஆப்ஷன் இருக்கிறது. ஒரு சொல் கோடுக்குள் வந்த கமிட்டையும் போன கமிட்டையும் அது காட்டும். உதாரணத்துக்கு உரிமம். கர்ல் 1998-இல் ஜிபிஎல் என்ற உரிமத்திலிருந்து எம்பிஎல் என்ற உரிமத்துக்கு மாறியது, அது கமிட்டில் இல்லை, ஹிஸ்டரியில்தான் இருக்கிறது. 2001-இல் எம்ஐடி பாணி உரிமம் சேர்ந்தது கமிட்டில் உண்டு. லிப் ஃபோல்டரை மட்டும் குறித்து, அந்த ஆண்டை மட்டும் வைத்து எம்பிஎல் என்று தேடுங்கள். மூன்றெழுத்து என்பதால் கம்ப்ளீட், எக்ஸாம்பிள் மாதிரிச் சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தால் அவற்றுக்குள்ளும் அது ஒளிந்திருக்கும், குப்பை வரும், ஒதுக்கிக்கொள்ளுங்கள். ப்ளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கட்டளை) பயன்படுத்தினால் டபிள்யூ ஆப்ஷன் கட்டாயம். இல்லையென்றால் இடைவெளியைத் திருத்தியவர்தான் வரியை எழுதியவர் என்று சொல்லிவிடும்.

கிட்ஹப்பில் புல் ரெக்வெஸ்ட்டைப் (‘என் மாற்றத்தைச் சேருங்கள்’ என்ற கோரிக்கை) பார்க்கும்போதும் ஜாக்கிரதை. கர்லில் பெரும்பாலானவை ‘மெர்ஜ்டு’ என்று இல்லாமல் ‘க்ளோஸ்டு’ என்று சிவப்பாகக் கிடக்கும். நிராகரித்துவிட்டார்கள் என்று நினைத்து அவற்றைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். கமிட்டைத் தனியாக எடுத்து மாஸ்டரில் (முதன்மைக் கிளையில்) ஏற்றி, செய்தியின் அடியில் ‘க்ளோஸஸ்’ என்று எண்ணைப் போடுவது அவர்கள் பழக்கம். அந்த எண்ணை லாக்கில் கிரெப் செய்தால் உள்ளே போனதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எண்ணி முடித்ததும், எந்த கமிட் வரை எண்ணினீர்கள் என்று ஹேஷையும் (அந்தக் கமிட்டின் அடையாளக் குறி) தேதியையும் எழுதிவையுங்கள். அடுத்த ரிலீஸிலேயே தேங்க்ஸ் கோப்பு நீண்டிருக்கும்.