நெல்லின் வயசு பார்க்காமல் விதைக்காதீர்கள்

எவ்வளவு உரம், எப்போது மருந்து என்பதையெல்லாம் யாராவது சொல்லிவிடுவார்கள். விதைக்கும் பருவமான பட்டத்துக்கும் தண்ணீருக்கும் வயசு (விதைத்ததிலிருந்து அறுப்பு வரையான நாள்) பொருந்தாத விதையை மூட்டையோடு தூக்கிப் போகும்போதுதான் தடுக்க ஆளில்லை. காவிரி டெல்டாவில் முன்பு நாங்கள் பட்ட பாட்டையே புதிதாக வயலில் இறங்கும் பிள்ளைகளும் படுகிறார்கள்.

சம்பா பட்டத்தில் குறுகிய வயசு நெல்

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். வேலையை விட்டு ஊருக்கு வந்த தம்பி ஒருவர் ஆகஸ்ட் நடுவில் கோ 51 விதைத்தார். 105 நாள் நெல். "சீக்கிரம் அறுத்துடலாம்ணே" என்றார். எந்த ரகமானாலும் பூத்த பிறகு அறுப்புக்கு ஏறக்குறைய 30 நாள். அந்தக் கணக்கில் அவர் நெல் அக்டோபர் கடைசியில் பூக்கும். வடகிழக்குப் பருவமழை பிடிக்கிற நேரம். நெற்பூ பகலில் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அப்போது மழை அடித்தால் மகரந்தம் வீணாகி, மணி பிடிக்காது.

அப்படியே ஆனது. கதிரை உருவினால் கையில் நிறையப் பதர். பிடித்த மணியும் நவம்பர் கடைசியில் தண்ணீரில் சாய்ந்து, கதிரிலேயே வெள்ளை முளை விட்டிருந்தது. அறுவடை மெஷின் இறங்க வழியில்லை.

அதே நாளில் 155 நாள் வயசுள்ள சி.ஆர். 1009 விதைத்திருந்தால் டிசம்பர் மூன்றாம் வாரம் பூத்து, பொங்கல் கழித்து அறுப்புக்கு வந்திருக்கும். கூடுதலான அந்த 50 நாள்தான் பயிரை மழையைத் தாண்டிக் கொண்டுபோகிறது.

சரி, நீண்ட வயசு நெல்லையே எப்போதும் போடலாமா? கூடாது. அக்டோபரில் விதைத்தால் அறுப்பு மார்ச்சுக்குப் போகும். மேட்டூர் அணையை வழக்கமாக மூடுவது ஜனவரி 28. போர்வெல் இல்லாத, வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல், கதிர் வாங்குகிற சமயத்தில் காயும். முதல் நெல்லை அறுத்தபின் போடும் இரண்டாம் பயிரான தாளடிக்கு 130 நாள் ஒட்டிய ரகம் போதும்.

முற்றிய நாற்று

மாச வயசுக்கு ஒரு வாரம் நாற்றங்கால். மூன்று மாச நெல்லுக்கு மூன்று வாரம், ஐந்து மாச நெல்லுக்கு ஐந்து வாரம். குறுகிய வயசு நாற்றை நாற்றங்காலில் முற்றவிட்டு நட்டால் தூர் கட்டாது, அதாவது பக்கக் கிளைகள் வெடிக்காது. கட்டுவதற்குள் கதிர் வந்துவிடும்.

ராமநாதபுரத்தில் டெல்டா முறை

அங்கே ஆறு கைகொடுக்காது, மழையும் கண்மாயும்தான். மழை வந்தபிறகு சேறடித்து நாற்று விட்டுக்கொண்டிருந்தால், கதிர் வரும்போது ஈரம் இருக்காது. செப்டம்பரிலேயே காய்ந்த புழுதியில் நேரடியாக விதைத்துவிட வேண்டும். முதல் நல்ல மழையில் முளைத்து வரும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் தந்த அண்ணா 4 ரகம் சுமார் 100 நாளில் முடியும். புழுதிக்காலில் களையை அமுக்க நின்ற தண்ணீர் கிடையாது, அதனால் முதல் மாசம் களைக்கு ஆள் விட்டே ஆகவேண்டும்.

வெள்ளம் நிற்கும் பள்ளம்

சி.ஆர். 1009 சப் 1 கேட்டு வாங்குங்கள். தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் ரகம் அது.

எப்போதும் தண்ணீர் கட்டிவைப்பது

வேண்டாம். கட்டிய நீர் மறைந்து மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் அடுத்த தண்ணீர். பூக்கும்போது மட்டும் காயவிடாதீர்கள்.