குமரி மாவட்டத்தில் பழங்கால நிலப் பயன்பாட்டை வரைபடமாக்கும் முறை

பானை ஓடு கிடைத்த இடங்களிலெல்லாம் புள்ளி வைத்துவிட்டால் அது நிலப் பயன்பாட்டு வரைபடம் ஆகிவிடாது. குடியிருந்த மேடு எது, உழுத வயல் எது, இறந்தோரைப் புதைத்த இடம் எது என்று பிரித்துக் காட்ட வேண்டும்.

முதலில் கிராம வரைபடத்தில் குளம், மடை, மறுகால் (மிகுநீர் வெளியேறும் வழி), ஏலா (வயல்வெளி), விளை (மேட்டு நிலத் தோட்டம்) ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சிப்பாறை அணை 1906-இல்தான் கட்டி முடிக்கப்பட்டது என்பதால், அதன் கால்வாய் நீரால் பின்னாளில் நன்செய்யான நிலங்களைப் பழைய வயல்களோடு சேர்த்துவிடக் கூடாது.

அடுத்து கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் பாருங்கள். இப்பகுதியை ஆண்ட ஆய் மரபின் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாருக்கு வேறு நிலம் கொடுத்து, உழக்குடிவிளை என்னும் நிலத்தை மாற்றாகப் பெற்றுப் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் சாலையும் (வேதம் பயிலும் கல்விக்கூடம்) அமைத்த செய்தி கி.பி. 866-ஆம் ஆண்டுச் செப்பேட்டில் உள்ளது. இன்றும் நம் ஊர்ப்பெயர்களில் வழங்கும் 'விளை' அன்றே நிலப்பெயராக இருந்திருக்கிறது. எனவே ஊர்ப்பெயர்களும் நமக்குச் சான்றுகளே.

கும்பப்பூ (மாசி மாத வாக்கில் அறுக்கும் நெல்) அறுவடைக்குப் பின், உழுது போட்ட நிலத்தில் பத்து மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்து, ஓடுகளை எடுக்காமல் எண்ணி, படமெடுத்து, கைபேசியில் இடத்தைப் பதியுங்கள். ஓட்டின் விளிம்பை உற்று நோக்குவதே இதில் முக்கியமான வேலை. முறிந்த முனை கூர்மையாகவும், ஓடுகள் அடர்ந்தும், இடையே இரும்புக் கசடோ அடுப்புக்கரியோ கலந்தும் இருந்தால் அங்கே குடியிருப்பு இருந்திருக்கலாம். முனை மழுங்கிய சிறு ஓடுகள் ஏக்கர் கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால், அவை வீட்டுக் குப்பையோடு எருவாக வயலுக்கு வந்தவையாக இருக்கலாம். அதுவும் அந்நிலம் பயிரிடப்பட்டதற்கான தடயமே. ஆனால் குளத்து வண்டலை வாரி வயலில் கொட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு; ஓடுகள் அதனோடும் வந்திருக்கலாம். ஆகவே வண்டல் அடித்த வயல் எது என்று அந்த நிலத்தின் பெரியவர்களிடம் கேட்டு எழுதாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ரப்பர்த் தோட்டத்துச் சருகு தரையை மூடியிருக்கும். அங்கே ஒன்றும் தென்படாவிட்டால், 'இல்லை' என்று எழுதாமல் 'தரை தெரியவில்லை' என்றே குறியுங்கள்.

இறந்தோரைப் புதைத்த தாழியின் விளிம்பு வெளியே தெரிந்தால் தோண்டாமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். இறுதியாக, ஆய் காலத்துக்கு முந்தைய இரும்புக்காலத்தைச் சுட்டும் கருப்பு சிவப்பு ஓடுகள் கிடைத்த இடங்களுக்கு ஒரு தாளும், ஆய் காலச் சான்றுகளுக்கு வேறொரு தாளுமாகத் தனித்தனியே வரைந்து, ஒரே அளவுகோலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.